எத்தனை மணிக்குக் கிளம்புவது?



பொங்கல், தீபாவளி, ஆயுதபூசை என்று நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு விழுந்துவிட்டால் போதும், யோசனை சொல்கிறவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரை விட்டுக் கிளம்பாதே. வியாழன் இரவே புறப்படு. முடியாவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடு. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை வெயில் ஏறுமுன் கடந்துவிடு. திரும்பும்போது கடைசி நாள் மாலையில் சாலையில் இருக்காதே. ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டு மறுநாள் காலையில் போ. பத்திரிகையில் இதுதான், டீக்கடையில் இதுதான், நான் வேலை செய்கிற வங்கியில் மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதும் இதே பேச்சுதான்.

யோசனையில் தப்பில்லை. அந்தச் சாலையை அறிந்தவர்கள் சொல்வதுதான். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் 2010இல் மேம்பாலம் போட்டார்கள். மேலே பறந்து வந்தவனும் கீழே ஊர்ந்து வந்தவனும் இறங்கிய இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து, சந்தாபுரம், அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி என்று ஒரே சாலையில்தான் வரவேண்டும். சென்னைக்குப் போகிறவன் கிருஷ்ணகிரியில் பிரிகிறான். சேலம், ஈரோடு, கோவை, மதுரை, கேரளம் என்று போகிற மிச்சப் பேர் எல்லாரும் நம் காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி வழியாகத்தான் இறங்கணும். வடக்கே காஷ்மீரிலிருந்து தெற்கே கன்னியாகுமரிக்குப் போகிற சாலை இது. ஏழாம் எண்ணாக இருந்து நாற்பத்து நாலாம் எண்ணாக மாறியது. மாவட்டத்தின் தெற்கு மூலையில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே ஒரு சிமெண்ட் லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் இருந்த வண்டிகள் மேல் மோதியதில் 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு லாரி, மறுபடியும் 4 பேர். ஆகவே எந்த நேரத்தில் கிளம்புகிறோம் என்பது சும்மா வசதி சம்பந்தப்பட்ட விசயம் மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விசயமும்தான்.

நம்முடைய கேள்வி வேறு. கிளம்புகிற நேரத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யார் கையில் இருக்கிறது?

நம் காலனித் தோழர் ஒருவர் பெங்களூரில் பெல்லந்தூர்ப் பக்கம் சென்ட்ரிங் வேலை செய்கிறார். பொண்டாட்டி சித்தாள். இரண்டு பிள்ளைகள் இங்கே பாட்டியிடம் வளர்கின்றன. அவரைக் கேட்டேன்.

"போன தீவாளிக்கு எத்தன மணிக்குண்ணே கெளம்புனீங்க?"

"மேஸ்திரி எப்ப காசு குடுத்தானோ அப்பத்தாம்ப்பா."

முதல்நாள் மத்தியானம் பட்டுவாடா என்று சொல்லியிருக்கிறான். ஆறு மணியாச்சு, என்ஜினீயர் வரலை என்றான். எட்டரைக்குக் கொடுத்தான். அதிலும் ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டான். பண்டிகை முடிந்து திரும்பி வரணும் இல்லையா, அதற்கு அடமானம். அப்புறம்தான் குளித்து, துணி மாற்றி, பிள்ளைகளுக்கு எடுத்த சொக்காய்ப் பையையும் பட்டாசுப் பையையும் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோட்டுக்கு வந்தார்கள். சாந்திநகரிலிருந்து வருகிற நம்ம ஊர் பஸ் எல்லாம் அங்கேயே நிரம்பி வந்தது. கண்டக்டர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆம்னி பஸ்காரன் கேட்ட காசு புருசன் பொண்டாட்டி இருவருக்கும் சேர்த்து நாலு நாள் கூலி. பெங்களூர் டவுன் பஸ்ஸில் அத்திப்பள்ளி, அங்கிருந்து தக்காளிக் கூடை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் நின்றபடி கிருஷ்ணகிரி, அப்புறம் இன்னொரு வண்டி. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மூணு மணி. விடியும்வரை அங்கேயே தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்திருந்தன.

"நாலு மணிக்குக் கெளம்பணும், அஞ்சு மணிக்குக் கெளம்பணும்னு பேசிக்கறாங்களேண்ணே."

"நானும் கேட்டிருக்கேன். அவங்க கெளம்பற நேரத்துக்கு நான் ரோட்டுல எந்த எடத்துல நின்னுட்டு இருப்பேன்னு அவங்களுக்குத் தெரியாது."

இதைப் பற்றித்தான் எழுதணும் என்று தோன்றியது.

மூன்று நாள் சேர்ந்த லீவு என்பதே ஒரு சொத்து. எனக்கு அந்தச் சொத்து உண்டு. 1881ஆம் வருசத்துச் செலாவணி முறிச் சட்டத்தின்படி அரசு அறிவிக்கிற விடுமுறை எல்லாம் எனக்கு விடுமுறை. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் விடுமுறை. வருசப் பிறப்பில் காலண்டரை எடுத்து, எந்த வெள்ளி எந்தத் திங்களோடு சேருகிறது என்று பென்சிலில் வட்டம் போடுகிற சாதி நாங்கள். கூலிக்காரனுக்கு விடுமுறை என்றால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். தீபாவளிக்கு நாலு நாள் வந்து போனால் நாலு நாள் கூலி போச்சு. வண்டிச் சத்தம் வேறே. அவன் வட்டம் போடுவதில்லை.

சம்பளத்தோடு விடுமுறை என்பது வானத்திலிருந்து விழுந்ததா? 1942இலிருந்து 1946வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை 1945இல் ஏறியது. வாரத்துக்கு 54 மணி நேரம் என்று இருந்ததை 48 ஆகக் குறைத்துச் சட்டம் வந்தது 1946இல். அதாவது, ஓய்வு என்பதை ஒரு தொழிலாளி தன் உரிமையாகக் கேட்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் எழுதி வைத்ததில் ஒரு மகர் சாதிக்காரரின் கை இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? இடஒதுக்கீட்டைப் பற்றி மாசத்துக்கு ஒருதரம் முணுமுணுக்கிறவர்கள் லீவைப் பற்றி முணுமுணுப்பதில்லை. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. மேஸ்திரிக்குக் கீழே, காண்டிராக்டருக்குக் கீழே, பெயர் எழுதாத நோட்டுப் புத்தகத்தில் வேலை செய்கிற நம் ஜனங்களிடம் அது வந்து சேரவில்லை.

கட்டட முதலாளிகளுக்கு நேரத்தின் அருமை நன்றாகத் தெரியும். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவிலிருந்து நாடே அடைப்பு என்றார்கள். நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் கார் வைத்திருந்தவன் ஊர் போய்ச் சேர்ந்தான். மற்றவன் நடந்தான். அடுத்து மே மாதம் முதல் வாரத்தில், ஊருக்குப் போகிற தொழிலாளிகளுக்கு விட்டிருந்த ரயில்களை வேண்டாம் என்று கர்நாடக அரசு ரத்து செய்தது. அதற்கு முன்பு முதலமைச்சரைப் பார்த்தவர்கள் கட்டட முதலாளிகள். வேலை கெட்டுவிடுமாம். நாடெங்கும் கூச்சல் எழுந்த பிறகுதான் ரயில் திரும்ப விடப்பட்டது. தொழிலாளி எப்போது ஊருக்குப் போகலாம் என்பதை மேஸ்திரி மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுமா?

பெங்களூர் நமக்குப் பண்டிகைக்கு வந்து போகிற இடம் மட்டும் இல்லை, துரத்தப்பட்டு ஓடிவந்த இடமும்கூட. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டித் தமிழர்கள் தாக்கப்பட்டபோது குடிசைகளில் இருந்த கூலி ஜனங்கள்தான் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தார்கள். 2016 செப்டம்பர் 12ஆம் தேதி மறுபடியும். பக்ரீத்துக்கு முதல்நாள், ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் சாலையில் இருந்த நேரம். தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பஸ்கள் நிறுத்தி வைத்த இடத்திலேயே வரிசையாக எரிந்தன. எல்லையில் போக்குவரத்து நின்றுபோக, அத்திப்பள்ளியில் இறங்கி ஜூஜுவாடி வரைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அப்போது யாரும் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது என்று யோசனை சொல்லவில்லை.

நெரிசலைக் குறைக்க அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் கட்டாயம். 2025 ஆகஸ்ட் 15இல் சொந்தக் கார்களுக்கு 3000 ரூபாயில் ஆண்டுச் சீட்டு வந்தது, ஒரு வருசம் அல்லது 200 தடவை. கார்க்காரன் சாவடியில் காத்திருக்கிற நிமிசங்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். அத்திப்பள்ளியில் நிற்கிறவனுடைய நிமிசத்தை எந்த இலாகா கணக்குப் பார்க்கிறது? பண்டிகைக்குப் பண்டிகை இத்தனை ஆயிரம் சிறப்புப் பேருந்து என்று அறிக்கை வருகிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி சென்னையைச் சுற்றித்தான். பஸ் ஸ்டாண்டுக்குள்ளே நிற்கிறவனுக்குத்தான் அதில் இடம். கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ரோட்டுக்கு வருகிறவனை ஏற்றிக்கொள்ள எந்தச் சிறப்புப் பேருந்தும் இல்லை.

(பஸ்ஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றை மறக்கக் கூடாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாக் கழகத்திலிருந்தும் அழித்தார்கள். நம் மாவட்டத்து 'அன்னை சத்யா'வும் அப்படித்தான் போனது. பஸ் நம் சாதிப் பெயரோடு வரக்கூடாது, ஆனால் பஸ்ஸுக்குச் சாதி இல்லை என்று நாம் நம்பணும்.)

பஸ் கிடைக்காததால்தான் இளவட்டங்கள் பைக்குக்கு மாறியிருக்கிறார்கள். தவணையில் வாங்கின பைக். பெங்களூரிலிருந்து தருமபுரி 130 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் டாங்கில் பை, நடுவில் பிள்ளை, பின்னால் பொண்டாட்டி. பைக்குக்குச் சுங்கம் கிடையாது என்பது ஒன்றுதான் அவனுக்கு இந்தச் சாலை கொடுத்த சலுகை. ஆனால் அவனும் பட்டுவாடா முடிந்துதான் கிளம்புகிறான். ராத்திரி பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில், லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஒன்றை ஒன்று முந்துகிற நேரத்தில், நாள் முழுக்கக் கம்பி கட்டின உடம்போடு ஓரத்தில் ஓட்டிக்கொண்டு வருகிறான். கார்க்காரன் தூங்கி எழுந்து கிளம்பலாம் என்று ஒதுக்கித் தள்ளிய நேரத்தில்தான் இவன் பிரயாணம். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போன மாதம் விழுந்த நம் பையனைப் பார்க்கப் போனபோது, தூக்கம் வந்ததா என்று கேட்டேன். தூக்கம் எப்போது வந்தது என்று தெரிந்தால் தூங்கியிருக்க மாட்டேனே அண்ணா என்றான்.

இவ்வளவும் நெடுஞ்சாலைக் கதை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினபிறகு இன்னொரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல நான் என்னைப் பற்றிச் சொல்லித்தான் ஆகணும்.

நானும் கார் வாங்கினேன். வங்கி ஊழியனுக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கிற கடனில்தான் வாங்கினேன். எங்கள் ஊர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்த்தெரு வழியாகத்தான் காலனிக்குப் போகணும். முதல் தடவை அந்தக் காரை ஊருக்குக் கொண்டுபோனது ஒரு பொங்கலுக்கு, பெங்களூரில் இருக்கிற அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு. கிளம்புவதற்கு முன் அப்பாவிடம் போன் பேசினேன். சந்தோசப்பட்டார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வண்டிய வெளிச்சத்துல கொண்டாராத சாமி. ஊரு அடங்கினப்பறம் வா. இல்லன்னா கோழி கூப்புடறதுக்கு முந்தி வந்துடு. பொங்கல் நேரம், கண்ட பசங்க சுத்துவானுங்க. எதுக்கு வம்பு?"

ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினேன். சாலை காலியாக இருந்தது. நாலரைக்கு ஊர்த்தெருவில் நுழைந்தேன். விளக்கைத் தாழ்த்திக்கொண்டேன். ஆரன் அடிக்கவில்லை. குறுக்கே படுத்திருந்த நாய் எழுந்து போகிறவரை சும்மா நின்றேன். வேலைக்குத் திரும்பினபிறகு எல்லாரும் கேட்டார்கள், டிராபிக் எப்படி என்று. ராத்திரியே கிளம்பிவிட்டேன், ஒரு நெரிசலும் இல்லை, மூணரை மணி நேரத்தில் போய்விட்டேன் என்றேன். நல்ல ஐடியா என்றார்கள். அடுத்த தடவை அவர்களும் அப்படியே கிளம்பினார்கள். நான் எதைத் தவிர்க்க அந்த நேரத்தில் கிளம்பினேன் என்று சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கவிதையில்கூட எழுதினதில்லை.

அப்பா சொன்னது இது. அம்மா தம்பிக்குச் சொல்வது இதற்கு நேர் எதிர். அவனிடம் பைக்தான். அவனிடம், "இருட்டறதுக்குள்ள வந்துடு, இல்லன்னா டவுன்லயே படுத்துட்டு விடிஞ்சி வா" என்பாள். பண்டிகை ராத்திரியில் ஊர் முனையில் மதகுமேல் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் இருப்பார்கள். தனியாகப் போகிறவனை, எங்கேடா இவ்வளவு வேகம், எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ என்பார்கள். இறங்கினால் அவமானம். இறங்காவிட்டால் மறுநாள் காலனிக்கே வம்பு. ஆக, வெளிச்சத்தில் போனால் காரைப் பார்த்துக் கண் உறுத்தும். இருட்டில் போனால் மதகில் ஆள் இருக்கும். நமக்கென்று ஊர் ஒதுக்கியிருக்கிற நேரம்தான் எது?

இது புதிதில்லை. பேஷ்வாக்கள் ஆண்டபோது புனே நகர வாசலுக்குள் மாலை மூன்று மணிக்குமேல், காலை ஒன்பது மணிக்குமுன் மகர்களும் மாங்குகளும் நுழையக் கூடாது என்று விதி இருந்தது. அந்த நேரத்தில் நிழல் நீளம். நீண்ட நிழல் மேல்சாதிக்காரன்மேல் விழுந்துவிடும். சூரியனை வைத்தே கணக்குப் போட்டு நமக்கு நேரம் குறித்திருக்கிறார்கள்.

1901இல் பீமாராவ் ஒன்பது வயதுப் பையன். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். மசூர் ஸ்டேசனில் இறங்கினார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் ஒத்துக்கொண்டான். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், அவன் கூட நடந்து வருவான். ராத்திரியில் போய், நடுவழியில் ஒரு சுங்கச்சாவடிக் குடிசையில் தண்ணீர் கேட்டார்கள். முஸ்லிம் என்று பொய் சொல்லியும் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் சாப்பிடாமல் படுத்தார்கள். லீவுக்குப் பிள்ளைகள் அப்பா வீட்டுக்குப் போன பயணம்தான் அது. கிருஷ்ணகிரிச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடிசை ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே கணக்கு இருந்தது. பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிடு என்று பலகை வைத்த வெள்ளைக்கார ஊர்கள் அங்கே இருந்தன. பெரிய கம்பெனியில் கார் வாங்கலாம், நல்ல சாலையில் ஓட்டலாம். ஆனால் எந்த ஊரை எத்தனை மணிக்குள் கடக்கணும், எங்கே பெட்ரோல் போடுவான், எங்கே படுக்க இடம் கொடுப்பான் என்று தெரியாமல் கிளம்பினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்கிற தபால்காரர் 1936இல் அதற்கென்றே ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த வீடு, எந்த விடுதி, எந்தக் கடை கறுப்பர்களை ஏற்றுக்கொள்ளும் என்கிற பட்டியல். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்து, அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பதிப்பு வந்து, அப்புறம்தான் நின்றது. ஒரு தபால்காரர் செய்த வேலை அது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மிடம் தபால்காரர்கள் இருக்கிறார்கள், கிளார்க்குகள் இருக்கிறோம், வாத்தியார்கள் இருக்கிறார்கள். நாம் என்ன பட்டியல் போட்டோம்?

சாலை என்பது சாதி இல்லாத இடம் என்று நினைக்கிற நண்பர்கள் நம்மிலும் உண்டு. 2012 நவம்பர் 7ஆம் தேதியை அவர்கள் மறந்திருக்க முடியாது. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி என்று மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். முதலில் கைப்பற்றப்பட்டது திருப்பத்தூர் சாலைதான். உதவி வந்து சேரமுடியாதபடி சாலை அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலனிகளில் நிறையப் பேர் பெங்களூரில் உழைத்து வீடு கட்டியவர்கள். பைக் வாங்கியவர்கள். எரிந்தவற்றில் பைக்குகளும் இருந்தன. சாலையில் போய்ச் சம்பாதித்ததுதான் சிலர் கண்ணை உறுத்தியது. பண்டிகைக்கு எப்போது கிளம்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள், வீடு எரிந்த செய்தி கேட்டுக் கிளம்பினார்கள்.

2013 ஏப்ரல் 25இல் மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. விழாவுக்குப் போன கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்த விதத்தை நாடு பார்த்தது. அங்கே வீடுகள் எரிந்தன. அவர்கள் விழாவுக்குப் போனால் சாலையோரத்தில் இருக்கிற நம் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது? நாம் விழாவுக்குப் போனால் என்ன ஆகும்? 2011 செப்டம்பர் 11இல் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடிக்கு வந்தவர்கள்மேல் போலீஸ் சுட்டு 6 பேரைக் கொன்றது. வாடகை வண்டியில் வராதே, இந்த வழியில் வா, இந்த நேரத்தில் வந்து இந்த நேரத்தில் போ என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வருவது அங்கே வாடிக்கை. மாலை போடுவதற்குக்கூட நேரம் ஒதுக்கித் தருகிறார்கள்.

இதற்கு நாம் பணிந்து பழகிவிட்டோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்லுவண்டி வாங்கி, மாட்டுக்கு மணி கட்டி, மேல்சாதிக்காரர்கள் மட்டும் போன சாலையில் பட்டப்பகலில் ஓட்டினார். அடித்தார்கள், திருப்பி அடித்தார். அவர் ஊர் அடங்கும்வரை காத்திருக்கவில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்தப் பொதுச் சாலையிலும் எந்தத் தெருவிலும் யாரும் நடக்கலாம் என்றது. நூறு வருசத்துக்கு அப்புறம் பட்டதாரியான நான் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு போனேன். அப்பாமேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. அவர் சொன்னது பயத்தில், பாசத்தில். நான் கேட்டது சௌகரியத்துக்காக.

சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தாலே குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தாலும் குற்றம்தான். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ என்று மதகுமேல் உட்கார்ந்து சொல்கிறானே, அந்த ஒரு வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எத்தனை பேர் இதன்கீழ் புகார் கொடுத்தோம்? நம் பையன்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதாவது தெரியுமா? கவிதை வாசிக்கிற கூட்டங்களில் இதையும் ஒருதரம் வாசிக்கலாம்.

அடுத்த பண்டிகைக்கு நாம் செய்யவேண்டியது பற்றிப் போன கூட்டத்தில் பேசினோம். பெங்களூரில் எந்தெந்தக் கட்டடத்தில் நம் மாவட்டத்து ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஊர்வாரியாக எழுதி எடுப்பது முதல் வேலை. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பண்டிகைக்கு முந்தின இரவு அத்திப்பள்ளியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் தருமபுரி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு வழிகளுக்குச் சிறப்புப் பேருந்து கேட்டு போக்குவரத்துக் கழகத்துக்கும் கலெக்டருக்கும் மனு கொடுப்பது. கணக்கு இல்லாமல் கேட்டால் கூட்டம் இல்லை என்பார்கள். தருமபுரியிலிருந்து காலனிகளுக்குப் போகிற டவுன் பஸ்களைப் பண்டிகை இரவில் மட்டுமாவது விடிய விடிய ஓட்டச் சொல்வது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நல்லதுதான். ஆனால் ராத்திரி மூணு மணிக்கு இறங்குகிற சித்தாளுக்கு டிக்கெட் இலவசம், பஸ்தான் இல்லை. விடுமுறை நாளில் ஒகேனக்கல்லுக்குப் போகிற கார்களால் பென்னாகரம் சாலை அடைத்துக்கொண்டால் முதலில் தாமதமாவதும் அந்த டவுன் பஸ்தான்.

பட்டுவாடாவைப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வாங்குவது, பிடித்தம் வைக்கிற வழக்கத்தை எதிர்ப்பது, இவையெல்லாம் பெங்களூரில் இருக்கிற தொழிற்சங்கத் தோழர்களோடு சேர்ந்து செய்யவேண்டியவை. அங்கே நம்மிடம் அமைப்பு பலவீனம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேஸ்திரிகளில் பாதிப் பேர் நம் ஆட்கள் என்பதையும் ஒத்துக்கொள்ளணும். அவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது.

ஊர்த்தெருவைக் கடப்பதற்குத் தனித்தனியாக நேரம் பார்க்காமல் சேர்ந்து போவது என்று சில ஊர்களில் இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பைக்கில் வருகிறவர்கள் மெயின்ரோட்டு நிறுத்தத்தில் ஒருவருக்கொருவர் காத்திருந்து, பத்து வண்டி சேர்ந்தபிறகு, பகலில், விளக்குப் போடத் தேவையில்லாத நேரத்தில் போவது. சண்டைக்குப் போவதாகப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் செய்யணும். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012ஐப் பார்த்தவர்கள் அவர்கள்.

கல்லூரி விடுதிகளில் இருக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. வருகிற பண்டிகைக்கு முந்தின இரவு நாலைந்து பேராகச் சேர்ந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை உட்காருங்கள். ஒரு நோட்டு போதும். வந்து இறங்குகிறவர் எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை மணிக்குக் கூலி கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எதில் வந்தார், எவ்வளவு செலவு, இங்கே எத்தனை மணிக்கு இறங்கினார். பெயர் வேண்டாம். முதல் டவுன் பஸ் எத்தனை மணிக்கு எடுத்தான் என்பதையும், விடிகிறவரை ஏன் காத்திருக்கிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பஸ் இல்லை என்பார்கள். கொஞ்சநேரம் கூட உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் வேறு காரணமும் சொல்வார்கள். அதையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த இதழில் நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.